பட்டாசுத் தீக்காயங்களும் நீடித்த வலியின் உளவியலும்

பட்டாசு விபத்தில் பிழைத்தவர்களுக்குப் புண் ஆறிய பின்னும் வலி தொடர்வதுண்டு. மூன்று மாதங்களுக்கு மேல் நிலைக்கும் வலியை, அல்லது அக்காலத்தைத் தாண்டியும் திரும்பத் திரும்ப வரும் வலியை, மருத்துவம் நீடித்த வலி என்று வகைப்படுத்துகிறது. விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இந்த வலி தொழிலோடு பிணைந்தது. அதனோடு வாழப் பழகுவதில் மனத்திற்கு உள்ள பங்கை மருத்துவ உலகம் மெல்ல மெல்லவே ஏற்றுக்கொண்டது.

தொழிலும் சட்டமும்

மழை குறைந்த இந்தக் கரிசல் பகுதியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தயாரிப்பு தொடங்கியது. 1940களில் பட்டாசு ஆலைகள் வளர்ந்தன.

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டதும் அதே 1923இல்தான். அதன் அட்டவணை உடலை உறுப்பு உறுப்பாகக் கணக்கிட்டது. கட்டைவிரலை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு எனக் கொள்ளப்பட்டது. அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு மருத்துவர் மதிப்பிட வேண்டியிருந்தது. விரல்கள் எல்லாம் இருந்தும் வலியால் திரியைப் பிடிக்க முடியாத கைக்கு அந்த அட்டவணையில் தனி வரி இருக்கவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். உதவி செய்யவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தவரும் அவர்களில் அடங்குவர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோரின் எண்ணிக்கையே இவ்விபத்துகளின் அடையாளமாக நிற்கிறது. காயமுற்றோர் செய்தியின் கடைசி வரியில் வந்து போகிறார்கள்.

காயத்தின் பொருள்

தீக்காயம் பட்டுப் பிழைத்தவர்களின் மனநிலையை மருத்துவர்கள் முறையாக ஆராயத் தொடங்கியதற்கும் ஒரு தீவிபத்தே காரணம். 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் மாண்டனர். தப்பியவர்களை ஆராய்ந்த நரம்பியல் மருத்துவர் அலெக்சாண்ட்ரா ஆட்லர், மாதங்கள் கடந்தும் தூக்கமின்மையும் அச்சமும் குற்றவுணர்வும் பலரிடம் நீடித்ததைப் பதிவு செய்தார்.

இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் ஹென்றி பீச்சர் வேறொன்றைக் கவனித்தார். கடுமையாகக் காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் வலிமருந்து கேட்கவில்லை. 1956இல் அவர் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பொதுமக்களில் பெரும்பாலோர் மருந்து கேட்டனர். வீரனுக்குக் காயம் என்பது போரிலிருந்து விடுதலை. மற்றவருக்கு அது வாழ்க்கையின் இடையூறு என்று பீச்சர் விளக்கினார். சிவகாசித் தொழிலாளிக்கு இந்த விளக்கம் இன்னும் கடுமையாகப் பொருந்தும். செய்த எண்ணிக்கைக்குக் கூலி பெறுபவருக்குக் கையில் பட்ட காயம் அன்றைய கூலியையும் அடுத்த ஆண்டின் கூலியையும் சேர்த்தே பறிக்கிறது.

1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் வெளியிட்ட வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு இதற்கு உடலியல் அடிப்படை தந்தது. வலிச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில் தண்டுவடத்தில் கூட்டப்படலாம், குறைக்கப்படலாம். மூளையிலிருந்து இறங்கும் அச்சமும் கவனமும் அதில் பங்கேற்கின்றன என்றனர். அதன் நுணுக்கங்கள் பல பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நோயாளியை அனுப்பிவிடுவதற்கு அறிவியலில் இடமில்லாமல் போனது. தமிழுக்கு இது அவ்வளவு புதிதல்ல. ‘உளைச்சல்’ என்ற ஒரே சொல் காலுக்கும் வரும், மனத்துக்கும் வரும்.

அச்சமும் அசைவும்

ஆழ்ந்த தீக்காயத் தழும்பு சுருங்கி இறுகும். கழுத்து, முழங்கை, விரல் இடுக்கு ஆகியவற்றை நாள்தோறும் நீட்டிப் பழகாவிட்டால் மூட்டு மடங்கியே நின்றுவிடும். நீட்டினால் வலிக்கும். வலித்தால் தோல் கிழிகிறது என்ற பயம் வரும், அசைவு குறையும், இறுக்கம் கூடும். உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ் 1976இல் எழுதிய நூல் நீடித்த வலியை நடத்தை வழியில் அணுகியது. வலிப்பதெல்லாம் கேடல்ல என்று உணர்த்துவதும், வலியின் அளவைப் பார்க்காமல் குறித்த அளவு பயிற்சி செய்ய வைப்பதும் அந்த அணுகுமுறையின் அடிப்படை. அன்பால் எல்லா வேலையையும் தாங்களே செய்துவிடும் வீட்டார் வலியை நீட்டிக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். கூட்டுக் குடும்பத்தில் இதைச் சொல்வது எளிதல்ல.

வெடிவிபத்தின் நினைவு இன்னொரு முடிச்சு. 2001இல் டிமதி ஷார்ப்பும் ஆலிசன் ஹார்வியும் பேரதிர்ச்சியும் வலியும் ஒன்றையொன்று வளர்ப்பதாக விளக்கினர். வலி விபத்தை நினைவூட்டும். நினைவு உடலை இறுக்கி வலியைக் கூட்டும். கருமருந்து வாசனையும் வெடிச் சத்தமும் அன்றாடமான ஊரில், நினைவூட்டும் பொருள்களை விட்டு விலகி வாழ வழி குறைவு.

கை கால் இழந்தவர்களுக்கு, இல்லாத உறுப்பிலேயே வலி தோன்றலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் இதற்குக் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். இருக்கும் கையின் பிம்பத்தை இழந்த கையாக மூளை காண்கிறது. சிலருக்கு மடங்கி இறுகியதாக உணர்ந்த கை விரிந்து வலி தணிந்தது. எல்லோருக்கும் அது பலிப்பதில்லை. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

இன்றைய நிலை

கடுமையான தீக்காயங்களுக்குச் சிவகாசி வட்டாரத்தினர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவது வழக்கம். 2022 ஜனவரியில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டு வாசலுக்கு வருகிறது. மடங்கிய முழங்கையை நீட்டச் சொல்லும் அந்த அரை மணி நேரம்தான் வலியைப் பற்றிய பயத்தையும் பேசுவதற்கான இடம்.

தோல் ஒட்டிய இடத்தில் வியர்வைச் சுரப்பிகள் இல்லாததால் அங்கே உடல் சூட்டை வெளியேற்ற முடியாது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்கு எரிச்சலும் அரிப்பும் கூடும். வலி கூடியதும் காயம் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் முதலில் எழுகிறது. காரணம் வெயில் என்று முன்னரே சொல்லிவைத்தவர்களுக்கு அந்த அச்சம் குறைகிறது.