'உள்நாட்டு உற்பத்தி' எனும் சுட்டியும் பொருளின் பிறப்பிடமும்

2022 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதியில் தங்கியிருப்பதன் விலை என்னவென்பதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் உணர்த்திச் சென்றது. உள்ளூர்ப் பொருளைக் கேட்டு வாங்குவது நியாயமானதே. ஆனால் கண்டியின் கடைகளில் நாம் வாங்கும் பொதியின் முகப்பில் சிங்கக் கொடியோ மலைநாட்டுக் காட்சியோ இருப்பதனால் மட்டும் அதனுள் இருப்பது இந்நாட்டு விளைச்சல் ஆகிவிடுமா?

பட்டைக்குறியீடு பற்றிய நம்பிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 479 என்று தொடங்கினால் இலங்கைப் பொருள், 729 என்று தொடங்கினால் இஸ்ரேலியப் பொருள் எனப் பலர் கருதுகின்றனர். இது தவறு. அவ்விலக்கங்கள், அந்நிறுவனம் எந்த நாட்டின் ஜீ.எஸ். 1 அமைப்பில் பதிவு பெற்றது என்பதையே காட்டுகின்றன. மைசூர்ப் பருப்பு இந்நாட்டில் விளைவதில்லை. கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. இங்கு பொதியிடும் நிறுவனம் அதில் 479 எனப் பொறித்துக்கொள்வதற்குத் தடையேதும் இல்லை. அவ்வாறே, 729 இல்லை என்பதனால் மட்டும் நோன்புகால ஈத்தம்பழம் எந்த நாட்டினது எனத் தீர்மானித்துவிட முடியாது.

'இலங்கையில் பொதியிடப்பட்டது' என்பதும் 'இலங்கையில் உற்பத்தி செய்யப்பட்டது' என்பதும் ஒன்றல்ல. நியூசிலாந்துப் பால்மாவும் சீன வெள்ளைப்பூடும் இங்கு பொதியிடப்படலாம். இவ்விடயத்தில் முன்மாதிரியானது தேயிலைதான். தேயிலைச் சபைக்குச் சொந்தமான வாளேந்திய சிங்க இலச்சினையைப் பெறுவதற்கு, தேயிலை முழுவதும் இலங்கையில் விளைந்ததாகவும் இங்கேயே பொதியிடப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும். பிறநாட்டுத் தேயிலை கலந்த பொதிக்கு அது கிடையாது. 1867 இல் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரவில் தொடங்கிய பயிருக்கு இத்தகைய காவல் இருக்கிறது. மற்றப் பயிர்கள் பலவற்றுக்கு இல்லை.

அதனால் யாருக்கு நட்டம் என்பதற்கு மிளகின் கதையே போதும். கண்டி, மாத்தளை மாவட்டங்களின் வீட்டுத் தோட்டங்களிலே மிளகுக்கொடி பல குடும்பங்களின் கைச்செலவுக்கு ஆதாரம். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இலங்கை மிளகுக்குத் தீர்வைச் சலுகை அளித்தது. பின்னர் வியட்நாம் மிளகு இங்கு இறக்கப்பட்டு, இலங்கை மிளகெனப் பெயர் மாறி இந்தியாவுக்குச் செல்வதாக இரு நாட்டுச் செய்கையாளரும் முறையிட்டனர். 2017 டிசெம்பரில் இந்தியா, இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபா என ஆகக் குறைந்த விலையை விதித்தது. இலங்கை அரசு 2019 டிசெம்பரிலேயே மறு ஏற்றுமதிக்கான மிளகு இறக்குமதியைத் தடை செய்தது. பொய்யான பிறப்பிடத்தின் இலாபம் சிலருக்கு. விலை வீழ்ச்சியோ கொடி நட்டவனுக்கு.

உருளைக்கிழங்கின் கதை இன்னும் வெளிப்படையானது. இறக்குமதிக் கிழங்கில் செம்மண் பூசி நுவரெலியாக் கிழங்கென விற்பதாகத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் குறித்துச் செய்திகள் வெளிவந்துள்ளன. மண் ஒரு சுட்டியாகிவிட்ட விந்தை இது! கழுவிப் பார்த்தால் உண்மை ஓரளவு புலப்படலாம். ஆனால் வாங்கிய பின்னர்தானே கழுவுகிறோம்?

பொதியிட்ட பொருளெனில் பின்புறத்தின் சிறிய எழுத்துகளே நமக்கு உதவுவன. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளின்படி, இறக்குமதி உணவில் உற்பத்தி நாடும் இறக்குமதியாளரின் பெயர், முகவரியும் காணப்படல் வேண்டும். ஹலால் இலச்சினை பிறப்பிடத்துக்குச் சான்றல்ல என்பதையும் நினைவில் கொள்ளலாம். அது வேறொரு கேள்விக்கான விடை. உதிரியாக விற்கும் மிளகு, மல்லி, கிழங்கு போன்றவற்றுக்குக் கடைக்காரரின் சொல்லே ஆதாரமாக இருப்பதனால், பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது அவசியம். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமையாகும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் திசைதிருப்பும் அல்லது ஏமாற்றும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கிறது. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் சமர்ப்பித்தல் வேண்டும். 1977 என்ற துரித இலக்கமும் உண்டு. உணவுப் பொருளின் சுட்டி பற்றி அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் முறையிடலாம்; பொதியையும் பற்றுச்சீட்டையும் எறிந்துவிடாமல் உடன் கொண்டுசெல்க.