சங்கு ஊதாத கம்பெனிகள்

ஃபைனல் இயர் வந்தாச்சு. கேன்டீனில் உட்கார்ந்தால் பேச்சு ரெண்டே விஷயம்தான். ஒண்ணு அரியர், இன்னொண்ணு வேலை. "ஸ்டார்ட்-அப்பில் சேர்ந்தால் சீக்கிரம் மேலே வந்துடலாம்" என்று ஒரு கோஷ்டி. "போடா, ஞாயித்துக்கிழமை கூட வீட்டுக்கு வர முடியாது" என்று இன்னொரு கோஷ்டி. இந்தச் சண்டை ஏதோ பெங்களூரில் பிறந்தது மாதிரி பேசுகிறார்கள். நம்ம தென்மாவட்டத்தில் இதற்கு நூறு வயசு தாண்டிவிட்டது. அந்தக் கதைதான் இன்றைய பதிவு.

வ.உ.சி.யை நமக்குச் சிவாஜி படத்தில் தெரியும், செக்கில் தெரியும். காமர்ஸ் மாணவன் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். 1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்குகிறார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். எதிரே நிற்பது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற மலை. சுதேசிக் கப்பலை ஒழிக்க அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தார்கள். இவர்கள் எட்டணாவுக்கு இறங்கினார்கள். அவர்கள் ஓசிப் பயணமும் கூடவே ஒரு குடையும் கொடுத்தார்கள்! இன்றைக்கு ஆப் கம்பெனிகள் அள்ளி விடுகிற ஆஃபருக்குக் கொள்ளுத்தாத்தா அந்தக் குடைதான் :-)

இப்படிக் கழுத்தைப் பிடிக்கிற போட்டியில் கம்பெனி நடத்துகிறவர் தொழிலாளி பக்கம் திரும்பிப் பார்ப்பாரா? அவர் பார்த்தார். தூத்துக்குடி கோரல் மில் ஆங்கிலேயர்கள் கையில் இருந்தது. கூலி குறைவு, நேரம் அதிகம், வார விடுமுறை கிடையாது. 1908 பிப்ரவரி 23-ல் வ.உ.சி. அந்தத் தொழிலாளர்களிடம் பேசினார். 27-ம் தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார். ஒன்பது நாள் கழித்து நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை என்று 1891-லேயே சட்டம் போட்டாயிற்று. பதினேழு வருஷம் கழித்து அதே விடுமுறையைக் கேட்டு ஸ்டிரைக் செய்ய வேண்டியிருந்தது. ஏட்டில் இருக்கிற லீவும் கையில் கிடைக்கிற லீவும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம்.

அதற்கு வ.உ.சி. கொடுத்த விலை பெரியது. மார்ச் 12-ல் கைது, பிறகு ஆயுள் தண்டனை. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-ல், கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது.

கதை சென்னைக்கு நகர்ந்தது. பெரம்பூர் பக்கிங்காம் - கர்னாடிக் மில்களில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான். அது போதவில்லை என்ற குறையும் சேர்ந்துதான் 1918-ல் பி.பி. வாடியா, திரு.வி.க. போன்றவர்களோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஒரு பிடி சோற்றை நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசைக்கும் அந்தப் பிறப்பில் பங்கு உண்டு. 1923-ல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார்.

சட்டமும் மெதுவாகப் பின்னால் வந்தது. 1911-ல் பஞ்சாலையில் வயதுவந்த ஆண்களுக்கு நாளுக்கு 12 மணி என்று வரம்பு. 1922-ல் வாரத்துக்கு 60 மணி. 1934-ல் 54. 1948-ல் 48. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1947-ல் தனியாகத் தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது. அதிலும் நாளுக்கு 8, வாரத்துக்கு 48.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 1911-ம் வருஷ வரம்பு 12 மணி, ஆறு நாளால் பெருக்கினால் 72. அதாவது 70 என்பது 1922-ஐயும் தாண்டிப் பின்னால் போய் வ.உ.சி. காலத்து மில் வாசலில் நிற்கிறது. 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் 90 மணி என்றார், ஞாயிறன்றும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தப்பட்டார். அதே ஞாயிறுதான்! இவற்றுக்கெல்லாம் முன்பே 2023 ஏப்ரல் 21-ல் ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பவே மே 1-ல் வாபஸ் அறிவிப்பு வந்தது.

ஸ்டார்ட்-அப்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: "நாங்கள் கூலி மட்டும் கொடுப்பதில்லை, பங்கும் கொடுக்கிறோம்." இது பொய்யில்லை. 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தபோது ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். அதே கம்பெனி 2024 நவம்பரில் ஊழியர்களில் சுமார் 13 சதவீதம் பேரைக் குறைப்பதாக அறிவித்தது. பங்கு என்பது ஜெயித்தால் மட்டும் வருகிற சம்பளம். ஆனால் அதற்காகக் கொடுத்த இரவுகள் ஜெயித்தாலும் தோற்றாலும் போனதுதான். கோர்ட் கேஸ் இல்லாமல், ஸ்டிரைக் இல்லாமல், நாமே சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறோம்.

எப்படிக் கொடுக்கிறோம்? எங்கள் ஊரைப் பார்த்தாலே புரியும். ராஜபாளையத்தில் 1936-ல் மில் வந்தது. மில் என்றால் சங்கு. வேலை தொடங்கவும் ஊதும், முடியவும் ஊதும். முடிகிற சங்கு ஊதினால் அதற்கு மேல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் கணக்கில் வரும். பக்கத்தில் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிறோம். இங்கே பீஸ் ரேட். நேரக் கணக்கே கிடையாது. சீசன் வந்தால் எங்கள் தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மிஷின் சத்தம் கேட்கும். யாரும் அதட்டி வேலை வாங்குவதில்லை. இன்னும் பத்து பீஸ், இன்னும் பத்து பீஸ் என்று தன்னைத் தானே விரட்டிக்கொள்வார்கள். ஏசி ரூமில் லேப்டாப்போடு நடப்பதும் இதே பீஸ் ரேட்தான். வாட்ஸப்பில் மேனேஜர் போடுகிற ராத்திரி மெசேஜுக்குச் சங்கும் இல்லை, ஓவர்டைம் கணக்கும் இல்லை.

ஸ்டார்ட்-அப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதலாளிக்குத் தன் கனவு மேல் வெறி இருக்கலாம், இருக்கணும். வ.உ.சி.க்கு இல்லாத வெறியா? ஆனால் அந்த வெறியோடு இருந்த மனுஷனே இன்னொருத்தன் ஞாயிற்றுக்கிழமைக்காகத் தெருவில் இறங்கினார். கம்பெனி வளர்ச்சியும் தொழிலாளி ஓய்வும் எதிரிகள் இல்லை என்பதற்கு எனக்கு அந்த ஒரு சாட்சி போதும்.

அதனால் இன்டர்வியூவில் "எங்களிடம் ஏதாவது கேட்கணுமா?" என்று அவர்கள் கேட்டால், சம்பளத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: "சார், இங்கே சங்கு எத்தனை மணிக்கு ஊதும்?"

பதில் வராமல் சிரித்தார்கள் என்றால், கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் யோசியுங்கள். அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.