மண்ணீரல் சீழ்க்கட்டி வடிப்பு: வரலாறு

மண்ணீரல் வயிற்றின் இடது மேற்புறத்தில், கீழ் விலா எலும்புகளுக்கு உள்ளே அமைந்த உறுப்பாகும். வயதான சிவப்பணுக்களை நீக்குவதும், இரத்தத்தில் கலந்த கிருமிகளை வடிகட்டி அழிப்பதும் இதன் முக்கியப் பணிகள். சில வேளைகளில் அக்கிருமிகள் மண்ணீரலுக்குள்ளேயே பெருகிச் சீழ் கட்டிவிடுகின்றன. இதுவே மண்ணீரல் சீழ்க்கட்டி. இது அரிதான நோய். ஆனால் சிகிச்சை அளிக்காவிட்டால் பெரும்பாலும் உயிரைப் பறித்துவிடும். இதய வால்வுகளில் தொற்று உள்ளவர்களுக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் இது வரும் வாய்ப்பு அதிகம்.

உறுப்பை அகற்றிய காலம்

நெடுங்காலம் இதற்கு முதன்மைச் சிகிச்சையாக இருந்தது, வயிற்றைத் திறந்து மண்ணீரலை முழுவதுமாக அகற்றுவதே. மண்ணீரல் இல்லாமலும் மனிதர் வாழ முடியும் என்பதால், அது பெரிய இழப்பாகக் கருதப்படவில்லை. தொற்றை எதிர்ப்பதில் மண்ணீரலுக்குப் பங்கு உண்டு என்று 1919ஆம் ஆண்டிலேயே மோரிஸ், புல்லக் என்னும் இருவர் எழுதினர். அந்த எச்சரிக்கை அன்று போதிய கவனம் பெறவில்லை.

1952ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்களான கிங், ஷூமேக்கர் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது. கைக்குழந்தைப் பருவத்தில் மண்ணீரல் அகற்றப்பட்ட 5 குழந்தைகள் பின்னர் கடுமையான தொற்றுக்கு ஆளானதை அது விவரித்தது. அதன் பிறகே, இயன்றவரை மண்ணீரலைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

வழி திறந்த மூன்று கண்டுபிடிப்புகள்

உறுப்பை அகற்றாமல் சீழை மட்டும் வெளியேற்ற, உடலின் உள்ளே பார்க்கவும் வேண்டும். பாதுகாப்பாக நுழையவும் வேண்டும். நுழையும் வழியை 1953இல் சுவீடன் மருத்துவர் செல்டிங்கர் காட்டினார். இரத்தக் குழாய்ப் படம் எடுப்பதற்காக அவர் வகுத்த முறை எளியது: ஊசியைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய கம்பியை நுழைத்து, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலாகக் குழாயைச் செலுத்துவது. 1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழுவினர் அல்ட்ராசவுண்ட் கொண்டு வயிற்றுக் கட்டிகளை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவியால் இலண்டனில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டார்.

இம்மூன்றையும் இணைத்து வயிற்றுச் சீழ்க்கட்டிகளை வடிக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் கெர்சாஃப் குழுவினர் 1979இல் விவரித்தனர். ஆயினும் மண்ணீரல் என்றபோது மருத்துவர்கள் தயங்கினர். அது இரத்தம் நிறைந்த மென்மையான உறுப்பு. ஊசி பட்டால் பெரும் இரத்தப்போக்கு ஏற்படலாம். நுரையீரல் உறையும் பெருங்குடலும் மிக அருகில் உள்ளன. 1980களில் வெற்றிகரமான சிகிச்சைகள் பதிவாகத் தொடங்கிய பின்னரே இந்தத் தயக்கம் குறைந்தது.

செய்முறையும் வரம்பும்

நோயாளியின் இரத்தம் உறையும் தன்மை முதலில் சோதிக்கப்படுகிறது. தோல் மரத்துப்போக ஊசி போட்டபின், படத்தைப் பார்த்தபடியே, மண்ணீரல் திசுவை இயன்றவரை குறைவாகக் கடக்கும் பாதையில் ஊசி செலுத்தப்படுகிறது. சிறிது சீழ் கிருமிச் சோதனைக்கு அனுப்பப்படும். வடிகுழாய் சில நாட்கள் உள்ளே இருக்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் தொடரும்.

ஒரே அறையாக, நீர்த்த சீழுடன் உள்ள கட்டிக்கே இம்முறை மிகவும் ஏற்றது. பல அறைகளாகப் பிரிந்த கட்டிகளிலும், வடித்தும் காய்ச்சல் தணியாதபோதும், இரத்தப்போக்கு ஏற்பட்டாலும் மண்ணீரலை அகற்றும் அறுவை சிகிச்சை இன்றும் தேவைப்படலாம். அவ்வாறு மண்ணீரலை இழந்தவர்களுக்கு நிமோனியா, மூளை உறை அழற்சி போன்றவற்றை உண்டாக்கும் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒரு காலத்தில் இழப்பாகவே கருதப்படாத உறுப்பின் மதிப்பை இந்தத் தடுப்பூசிகளே உணர்த்துகின்றன.