மாயத்தேவர்: திண்டுக்கல்லின் மூன்று வெற்றிகள்

கே. மாயத்தேவர் (இறப்பு: 9 ஆகஸ்ட் 2022) திண்டுக்கல் மக்களவைத் தொகுதியிலிருந்து மூன்று முறை நாடாளுமன்றம் சென்றவர். உசிலம்பட்டி வட்டாரத்துக் கிராமத்தில் பிறந்த வழக்கறிஞர். அ.தி.மு.க.வின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர், இரட்டை இலையில் நின்று வென்ற முதல் வேட்பாளர் என்ற இரண்டு பெருமைகளும் அவருக்கு உண்டு. இரண்டாவது பெருமைக்கு முன்னால் அவருடைய மற்ற தேர்தல் கணக்குகள் எல்லாம் மங்கிப்போய்விட்டன.

தொகுதியின் தி.மு.க. உறுப்பினர் ராஜாங்கம் இறந்ததால் 1973-இல் இடைத்தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கியது 1972 அக்டோபர் 17. ஒரு வயதுகூட நிரம்பாத கட்சிக்கு அங்கீகாரமும் இல்லை, நிரந்தரச் சின்னமும் இல்லை. சுயேச்சைகளுக்கென்று ஒதுக்கிய பட்டியலிலிருந்துதான் ஏதாவது ஒன்றை எடுத்தாக வேண்டும். மாயத்தேவர் எடுத்தது இரட்டை இலை. சுவரில் வரைவது சுலபம் என்பது பின்னாளில் பேட்டிகளில் அவர் சொன்ன காரணம். சுண்ணாம்பு பூசிய மண்சுவரில் பச்சைச் சாயத்தைத் தொட்டு இரண்டு இழுப்பு, கீழே ஒரு காம்பு. கைதேர்ந்த ஓவியர் தேவையில்லை. வேட்பாளர் பெயரைக் கேட்பதற்கு முன் “என்ன சின்னம்?” என்று கேட்கும் கிராமங்களில் இது சின்ன விஷயம் அல்ல.

வாக்குப்பதிவு மே 20. அதற்கு ஒன்பது நாள் முன்னால், மே 11 அன்று, ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்து கொட்டகைகளை நிறைத்துக்கொண்டிருந்தது. பிரசாரத்துக்கு இதைவிடப் பெரிய துணை எந்தக் கட்சிக்கும் வாய்த்திருக்காது.

மாயத்தேவர் சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் வாக்குகள் பெற்றார். வித்தியாசம் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல். காமராஜரின் பழைய காங்கிரஸ் சார்பில் நின்ற என்.எஸ்.வி. சித்தன் இரண்டாமிடம். கோட்டையில் ஆட்சி செய்துகொண்டிருந்த தி.மு.க.வின் பொன். முத்துராமலிங்கம் மூன்றாமிடம். இந்திரா காங்கிரஸுக்கு நான்காமிடம். ஆளுங்கட்சி மூன்றாமிடத்துக்குப் போனதுதான் அன்று தலைப்புச் செய்தி. மறு ஆண்டு கோவை மேற்கு சட்டமன்ற இடைத்தேர்தலிலும் அ.தி.மு.க. வென்றது. இரட்டை இலை அந்தக் கட்சியோடு ஒட்டிக்கொண்டது.

1977-இல் அதே தொகுதி, அதே சின்னம், மறுபடியும் வெற்றி.

மூன்றாவது வெற்றிதான் விசித்திரம். 1980 ஜனவரித் தேர்தலில் மாயத்தேவர் தி.மு.க. வேட்பாளராக உதயசூரியனில் நின்றார். இந்திரா காந்தியோடு தி.மு.க. கூட்டு சேர்ந்திருந்த தேர்தல் அது. தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 அந்த அணிக்கே கிடைத்தன. கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டுமே அ.தி.மு.க. பக்கம் நின்றன. இரட்டை இலையை அறிமுகப்படுத்திய மனிதரே அதே மண்ணில் அதைத் தோற்கடித்தார். இதைத் தனிமனிதச் செல்வாக்கு என்று மட்டும் படித்தால் கூட்டணிக் கணக்கு விட்டுப்போகும். அந்த அலையில் வேறொருவர் நின்றிருந்தாலும் தி.மு.க. வென்றிருக்க வாய்ப்பு அதிகம்.

சின்னத்துக்கும் சோதனை வந்தது. எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் கட்சி பிளந்தபோது தேர்தல் ஆணையம் இரட்டை இலையை முடக்கியது. 1989 ஜனவரிச் சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. அணிகள் இணைந்ததும் இலை திரும்பி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் திண்டுக்கல்லில் அ.தி.மு.க.வின் சி. சீனிவாசன் வென்றார்.

மாயத்தேவர் ஓட்டுக் கேட்ட திண்டுக்கல்லும் இன்றைய திண்டுக்கல்லும் ஒன்றல்ல. 2008 மறுவரையறையில் உசிலம்பட்டிப் பக்கம் விலகியது. பழனி மக்களவைத் தொகுதி கலைக்கப்பட்டது. கொடைக்கானல் மலையை உள்ளடக்கிய பழனி சட்டமன்றத் தொகுதி திண்டுக்கல்லுக்குள் வந்தது. அந்த மலையின் ஒரு மடிப்பில் இருக்கிறது வெள்ளகவி. வட்டக்கானலிலிருந்து இறங்க வேண்டும், அல்லது பெரியகுளம் பக்கம் கும்பக்கரையிலிருந்து ஏற வேண்டும், நெடுங்காலம் இரண்டுமே நடைபாதைதான். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. விளைந்த காப்பியும் பழமும் குதிரை முதுகில் மேலே ஏறின; தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரம் அதே குதிரையில் கீழே இறங்கியது. அலுவலர்கள் பின்னால் நடந்தார்கள்.

2019-இல் அ.தி.மு.க. இந்தத் தொகுதியைக் கூட்டணிக் கட்சியான பா.ம.க.வுக்குக் கொடுத்தது. இயந்திரத்தில் மாம்பழம் இருந்தது, இரட்டை இலை இல்லை. தி.மு.க.வின் ப. வேலுச்சாமி 5 லட்சத்து 38 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய வித்தியாசம் அதுதான். சின்னாளப்பட்டியில் வாழ்ந்துவந்த மாயத்தேவர் அப்போது உயிரோடு இருந்தார்.