பிடியரியும் பஸாரமும்

கேரளத்தின் கிழக்கு விளிம்பில் கிறிஸ்தவம் இரு திசைகளிலிருந்தும் வந்து குடியேறியது. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மூணாறு தேயிலைத் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர் தங்கள் ஊர்ச் சபைகளின் சந்தாவையும் அறுப்பின் பண்டிகையையும் உடன் கொண்டுவந்தனர்; 1940களின் உணவுத் தட்டுப்பாட்டில் திருவிதாங்கூர் அரசு காட்டு நிலத்தைப் பயிருக்குத் திறந்துவிட்டபோது, பாலா, காஞ்சிரப்பள்ளிப் பக்கத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் மேற்கிலிருந்து இடுக்கி மலையேறினர். பாலக்காட்டின் தமிழ் பேசும் லத்தீன் கத்தோலிக்கர்களில் பெரும்பகுதியினரோ, 2013இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமையும்வரை கோயம்புத்தூர் ஆயரின் கீழேயே இருந்தனர்.

இம்மக்கள் திருச்சபைக்குக் கொடுத்த முறை ஐரோப்பாவின் முறையிலிருந்து வேறுபட்டது. விளைச்சலில் பத்தில் ஒன்றைக் கடவுளுக்குரியதாக ஒதுக்கும் தசமபாகத்தை ஐரோப்பியத் திருச்சபை பல நூற்றாண்டுகள் வரியாகவே தண்டியது. சிரியன் கிறிஸ்தவர்களிடம் வயலின்மேல் அத்தகைய வரி வேரூன்றவில்லை. அவர்களிடையே பத்தில் ஒன்று என்ற கணக்கு திருமணத்தோடு ஒட்டிக்கொண்டது. பெண்ணுக்குப் பிறந்தவீடு கொடுக்கும் ஸ்திரீதனத்தில் ஒரு பங்கு பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்குச் சேர்ந்தது. பஸாரம் என்றும் பதவாரம் என்றும் வழங்கிய அப்பங்கு, 1599இல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கத்துக்கு முன்பே தென்பகுதிப் பள்ளிகளில் நடைமுறையில் இருந்தது.

அன்றாடக் கொடை அடுப்படியில் நடந்தது. உலையிலிட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததைப் பள்ளிக்குக் கொடுப்பதே பிடியரி. 1864இல் பள்ளிதோறும் ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று வலியுறுத்திய பாதிரியார் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறை, ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்கு இவ்வரிசியையே நம்பினார். தமிழ்ச் சபைகளிலும் பிடி அரிசி உண்டு என்பதால், இது எவர் எவரிடம் கற்றது என்ற ஆராய்ச்சியில் பயன் அதிகமில்லை. சமவெளியில் ஒரு தென்னையின் காய்ப்பை முழுதும் பள்ளிக்கென நேர்ந்துவிடும் கெட்டுதெங்கு என்னும் வழக்கமும் இருந்தது. தென்னை சரியாகக் காய்க்காத மலை உயரங்களில் மிளகு, ஏலக்காய், கோழி என வீட்டில் கிடைத்தது காணிக்கையாயிற்று. அப்பொருள்கள் வழிபாடு முடிந்ததும் முற்றத்தில் ஏலத்துக்கு வரும்; ஒரு சேவலைச் சந்தை விலையைப்போல் பல மடங்குக்குக் கேட்டு எடுத்தவர், சில வேளை அதை மறுபடியும் ஏலத்துக்கே விட்டுவிடுவார். கொடையில் கொஞ்சம் வீம்பும் கலந்திருந்ததைப் பள்ளி கண்டுகொண்டதில்லை, நட்டமும் அடைந்ததில்லை.

ஆனால் பிடியரியை எடுத்து வைத்தது பெண்ணின் கை. பஸாரம் கழிந்ததும் பெண்ணின் பங்கிலிருந்தே. அவ்வரவைச் செலவிடும் முடிவை எடுத்த பள்ளியோகம் என்னும் பொதுக்கூட்டத்திலோ நெடுங்காலம் குடும்பத் தலைவர்களான ஆண்களே அமர்ந்திருந்தனர். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே கொடுத்தது. ஸ்திரீதனம் தரப்பட்டிருந்தாலோ வாக்களிக்கப்பட்டிருந்தாலோ அதுவும் கிடையாது. ஆகவே பள்ளி பங்கு கேட்டது பெரும்பாலும் மகளுக்குக் கிடைத்த ஒரே சொத்திலிருந்துதான். 1961இல் வரதட்சணையே சட்டவிரோதமாயிற்று. 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து மேரி ராய் என்ற சிரியன் கிறிஸ்தவப் பெண் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 1951 முதலே அப்பழைய சட்டம் செல்லாது என்றும் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் சமபங்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தது.