விடைபெறும் மாணவரும் வழியனுப்பும் சமுதாயமும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

பொதுத் தேர்வுகள் நெருங்கும் காலத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள்தோறும் பிரிவு உபசார விழாக்கள் நடைபெறுகின்றன. மாணவர்கள் ஆசிரியர்களுக்கு நினைவுப் பரிசு வழங்குகிறார்கள். ஒன்றாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைகிறார்கள். இத்தகைய விழாக்கள் கூடுமா, கூடாதா என்று பெற்றோர் சிலர் வினவுகின்றனர். வரம்பு மீறாத மகிழ்ச்சியை மார்க்கம் தடுப்பதில்லை. எனினும், நாம் கேட்க வேண்டிய வினா வேறொன்று உண்டு. கற்றுமுடித்து வெளியேறும் பிள்ளைகளை நம் முன்னோர் எவ்வாறு வழியனுப்பினர் என்பதே அது.

ஸஹீஹுல் புகாரியில் மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியொன்று இதற்கு விடை தருகிறது. சம வயதுடைய இளைஞர்கள் சிலர் மதீனா வந்து, நபி (ஸல்) அவர்களிடம் 20 இரவுகள் தங்கிக் கற்றனர். அவர்களுக்கு வீட்டு நினைவு வந்துவிட்டதை உணர்ந்த நபியவர்கள், ஊரில் விட்டு வந்தவர்களைப் பற்றி அன்புடன் விசாரித்தார்கள். பிறகு, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று, கற்றதை அவர்களுக்குக் கற்றுக்கொடுக்குமாறும், தொழுகை நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்ல, மூத்தவர் இமாமாக நிற்குமாறும் பணித்து அனுப்பினார்கள். பிற்காலத்தில் பஸராவில் குடியேறிய அந்த நபித்தோழர், அங்குள்ள பள்ளிவாசலில் மக்கள் முன்னிலையில் தொழுது காட்டி, தாம் கண்ட நபிவழித் தொழுகையைக் கற்பித்தார். விடைபெற்ற நாளில் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பை அவர் ஆயுள் முழுவதும் சுமந்தார்.

இந்த அடிப்படையிலேயே 'இஜாஸத்' என்னும் முறை வளர்ந்தது. ஆசிரியர் தாம் கற்பித்ததைப் பிறருக்குக் கற்பிக்க மாணவருக்கு வழங்கும் அனுமதியே இஜாஸத். எந்தக் கட்டடத்தில் படித்தார் என்பதைவிட, யாரிடம் படித்தார், அவர் யாரிடம் படித்தார் என்ற தொடரே அதில் பேசப்பட்டது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ 15 வயதை எட்டியபோதே, மக்காவின் முஃப்தியும் அவர்களின் ஆசிரியருமான முஸ்லிம் இப்னு காலித் (ரஹ்) அவர்கள் ஃபத்வா வழங்க அனுமதித்ததாக வரலாறு கூறுகிறது. அவ்வளவு இளமையில் அனுமதி பெற்றவர், பின்னாளில் பக்தாத் சென்று இமாம் முஹம்மத் இப்னுல் ஹஸன் (ரஹ்) அவர்களிடமும் மாணவராக அமர்ந்தார். அவரைப் பொறுத்தவரை ஸனது கல்வியின் முடிவாக இருக்கவில்லை.

1067ஆம் ஆண்டு பக்தாதில் நிஜாமிய்யா கலாசாலை திறக்கப்பட்டது. இத்தகைய பெரும் கல்விக்கூடங்கள் தோன்றிய பின்னரும் ஆசிரியரின் இஜாஸத்துக்குரிய மதிப்புக் குறையவில்லை. 1326இல் டமாஸ்கஸ் நகரில் தாம் இஜாஸத் பெற்ற அறிஞர்களின் பெயர்களை யாத்திரிகர் இப்னு பதூதா தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். அவர்களுள் ஸைனப், ஆயிஷா என்னும் இரு பெண்மணிகளும் உள்ளனர். 1340களில் நமது தமிழகக் கடற்கரைக்கும் மதுரைக்கும் வந்து சென்றவர் அவர். பெண்களிடம் ஸனது பெறுவதைப் பெருமையாகக் கருதிய ஒரு சமுதாயத்தின் வழித்தோன்றல்கள், பெண் பிள்ளையின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவது எவ்வகையில் நியாயம்?

தமிழகத்துக்கும் இத்தொடரில் பங்குண்டு. இன்றைய அரபுக் கல்லூரிகள் பலவற்றின் பாடத்திட்டத்துக்கு அடித்தளமான 'தர்ஸே நிஜாமி'யை வகுத்தவர் லக்னோவின் முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்கள். அவர்களின் புதல்வர் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்கள் ஆர்க்காட்டு நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து பாடம் நடத்தி, 1810இல் மறைந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள். பின்னர் வேலூரில் அஃலா ஹள்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாகியாத்துஸ் ஸாலிஹாத்தில் ஸனது பெற்றோர், 'பாகவி' என்ற அடைமொழியைத் தம் பெயருடன் சேர்த்துக்கொள்கின்றனர். தாய்க் கலாசாலையின் பெயரைக் காக்க வேண்டும் என்ற பொறுப்பை அந்த ஒரு சொல் வாழ்நாளெல்லாம் நினைவூட்டுகிறது.

உலகக் கல்வியையும் நம் பெரியோர் புறக்கணிக்கவில்லை. 1919இல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் அவர்களின் பொருளாலும் உழைப்பாலும் எழுந்தன. அப்படியிருந்தும், 6 முதல் 14 வயது வரையிலான முஸ்லிம் பிள்ளைகளுள் 25 விழுக்காட்டினர் பள்ளிக்கே செல்லாதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு நாட்டுக்கு அறிவித்தது. ஆகவே, பள்ளியிறுதி வரை வந்து சேரும் ஒவ்வொரு பிள்ளையும் நமக்கு ஓர் அமானிதம்.

மேடையும் மாலையும் ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அதன் பின்னர்தான் ஜமாஅத்தின் வேலை தொடங்குகிறது. பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்கும் நம் மஹல்லாப் பிள்ளைகள் அனைவரின் பெயரும் ஒரு பதிவேட்டில் இடம்பெற வேண்டும். தேர்வு முடிவு வந்ததும் பொறுப்பாளர்கள் வீடு தேடிச் சென்று, அடுத்து என்ன படிப்பு என்று விசாரிக்க வேண்டும். 2007 முதல் தமிழகத்தில் நடைமுறையில் உள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறுவதற்குரிய சான்றிதழை உரிய காலத்தில் பெற உதவ வேண்டும். வசதியற்ற பிள்ளைகளின் கட்டணத்துக்கு, உரியவர்களுக்கு ஜகாத்திலிருந்தும் மற்றவர்களுக்கு ஸதகாவிலிருந்தும் வழி செய்ய வேண்டும். தேறியவர்களிடமும் ஒரு பொறுப்பை ஒப்படைப்போம்: மாலை மக்தபுக்கு வரும் சிறுவர்களுக்கு வாரம் ஒரு நாளேனும் அவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்கட்டும். மாலிக் இப்னுல் ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் பெற்றுச் சென்ற கட்டளையும் இதுவன்றோ!

நம் பிள்ளைகளின் கல்வியைப் பயனுள்ளதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.