பனாபாவும் தராவாவும்

கிரிபட்டி நாட்டில் 33 தீவுகள். அவற்றில் 32 தீவுகள் கடலோடு ஒட்டிக் கிடக்கும் தாழ்வான பவளத் திட்டுகள். பனாபா ஒன்றுதான் மேடு. 6 சதுர கிலோமீட்டர் பரப்பு, 81 மீட்டர் உயரம். தலைநகரான தராவாவிலோ நிலத்தின் பெரும்பகுதி 3 மீட்டரைத் தாண்டாது. கடல்மட்டம் உயரும் காலத்தில் எது பாதுகாப்பான தீவு என்று கேட்டால், யாரும் பனாபாவைத்தான் காட்டுவார்கள். ஆனால் அங்கே இன்று இருப்பவர்கள் சில நூறு பேர். நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தென் தராவாவில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள்.

முதல் காரணம் குடிநீர். தராவாவின் பவள மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால், அதன்மேல் தனிப் படலமாக மிதந்து நிற்கிறது. கொஞ்சம் தோண்டினாலே கிணறு ஊறும். அந்த நீர்மட்டம் வரை குழி வெட்டி, இலைதழைகளை மட்கவைத்து, பபாய் என்னும் கிழங்கை வளர்க்கிறார்கள். மண்ணே அரிதான இடத்தில் தலைமுறை தலைமுறையாக மண்ணை உண்டாக்கிய இந்த உழைப்புக்கு உரிய மதிப்பை உலகம் இன்னும் தரவில்லை.

பனாபாவில் மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியே ஒழுகிப் போய்விடும். குகைகளில் தேங்கிய நீரைப் பெண்கள் தவழ்ந்து சென்று சிரட்டைகளில் மொண்டு வந்தார்கள். 1870களில் மழை பொய்த்தபோது பலர் மடிந்தார்கள், பலர் கப்பலேறினார்கள்.

அதைவிடப் பெரிய கேடு பாறைக்குள்ளேயே இருந்தது. 1900இல் ஆல்பர்ட் எல்லிஸ் அங்கே பாஸ்பேட்டைக் கண்டறிந்தார். 1979 வரை வெட்டினார்கள். சுமார் 2 கோடி டன் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாகப் போயிற்று. தீவின் மேற்பரப்பில் ஏறக்குறைய 90 விழுக்காடு சுரண்டப்பட்டு, கூர்கூரான சுண்ணாம்புத் தூண்கள் மிஞ்சின. தராவாவில் தோண்டி விற்க எதுவும் இல்லாததால் அது தப்பியது. பனாபாவைக் கடல் தொடவில்லை, மனிதர்கள்தான் அழித்தார்கள்.

தராவாவுக்கு ஆபத்து வேறு வகையில் வருகிறது. பேரலை ஏறினால் கிணறு உப்பாகிறது. அளவுக்கு மீறி இறைத்தாலும் அப்படியே. நெருக்கமான குடியிருப்புகளின் கழிவு அந்த மெல்லிய நன்னீர்ப் படலத்தில் கலக்கிறது. நிலம் மூழ்குவதற்கு வெகுமுன்பே குடிநீர் போய்விடும் என்பதே என் அச்சம்.

இரண்டு தீவுகளின் கதையும் பிஜியில் போய்ச் சேர்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் பனாபா மக்கள் அங்குள்ள ராம்பித் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அத்தீவு அவர்களுடைய பாஸ்பேட் பணத்திலேயே வாங்கப்பட்டது. 2014இல் கிரிபட்டி அரசு, ராம்பிக்கு அருகிலுள்ள வனுவா லேவுவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியது. முதல் பயணத்தைப் பிரிட்டிஷ் ஆட்சி முடிவு செய்தது. கடல் ஏறி அடுத்த பயணம் நேருமானால், போவதா இருப்பதா என்பதைத் தராவா மக்களே தீர்மானிக்க வேண்டும். 1945இல் பனாபாவுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை.